மாரியில் குஞ்சு பொரிக்க எந்தப் பெட்டி? 56 முட்டை இன்கியூபேட்டரும் ரிஜிபோம் பெட்டியும்

மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வீட்டிலேயே ஊர்க்கோழிக் குஞ்சு பொரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். ஒன்று, சீனாவில் இருந்து வரும் 56 முட்டை பிளாஸ்டிக் இன்கியூபேட்டர். மேல்மூடியில் ஹீற்றரும் காற்றாடியும் இருக்கும், அடியில் தண்ணீர் ஊற்ற இரண்டு கால்வாய், முட்டையைத் தானாக உருட்டும் தட்டு. மற்றது, ரிஜிபோம் மீன்பெட்டிக்குள் பல்ப், கம்பியூட்டர்க் காற்றாடி, சூட்டைக் கட்டுப்படுத்தும் டபிள்யூ 1209 என்ற சின்னக் கொன்ட்ரோலர் எல்லாம் பூட்டி இங்கேயே செய்து விற்கும் பெட்டி. கச்சான் காலத்தில் எதை வாங்கினாலும் ஓரளவுக்குப் பொரிக்கும். ஐப்பசி முதல் தை வரை மழையும் வாடைக்காற்றும் கரண்ட் வெட்டும் சேர்ந்து வரும்போதுதான் இரண்டின் குணமும் வெளியே தெரியும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார், ஒரு தடவைக்கு 30 முட்டைக்கு மேல் வைப்பதில்லை என்றால் நல்ல முறையில் செய்த ரிஜிபோம் பெட்டியே போதும். மாரிக்கு அதுதான் பொருத்தமும். வேலைக்குப் போகிற குடும்பம் என்றால் 12 வோல்ட் வயரும் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் இன்கியூபேட்டரை வாங்குங்கள். ஆனால் அதோடு வரும் புத்தகத்தில் தண்ணீரைப் பற்றி எழுதியிருப்பதை இங்கே அப்படியே செய்ய வேண்டாம். 21ஆம் நாள் வரை உயிரோடு இருந்து, ஓட்டைக் கொத்தாமலே முட்டைக்குள் செத்துக் கிடக்கும் குஞ்சுகளுக்கு அந்தத் தண்ணீர் ஒரு பெரிய காரணம்.

முதலில் சூடு. காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 பாகை வேண்டும். காற்றாடி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும். அதற்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3க்குக் குறையாமல் வைக்க வேண்டும். மார்கழி இரவில் கரையோரத்து வீடுகளில் 22, 23 பாகைக்கு இறங்கும், உகனை, மகாஓயா போன்ற உள்பக்கங்களில் இன்னும் கொஞ்சம் குறையும். உள்ளுக்கும் வெளிக்கும் 15 பாகை இடைவெளி. பிளாஸ்டிக் பெட்டியின் சுவர் மெல்லியது. ஹீற்றர் அந்தக் குளிரை ஈடுகட்டும், திரையிலும் சரியான இலக்கமே தெரியும், ஆனால் ஓரத்து வரிசை முட்டைகள் நடுவில் உள்ளதை விடக் குளிர்ந்திருக்கும். விளைவு, நடு முட்டை 20ஆம் நாளே பொரிக்க, ஓர முட்டை 22 வரை இழுக்கும். இதற்கு இரண்டு வேலை செய்யலாம். கிழமைக்கு இரண்டு முறை ஓர முட்டையையும் நடு முட்டையையும் இடம் மாற்றுங்கள். பெட்டியின் நான்கு பக்கத்துக்கும் அடிக்கும் ஒரு அங்குல ரிஜிபோம் தகடு வெட்டி ஒட்டுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மறைக்கக் கூடாது. குளிருக்கு என்று துணியைப் போட்டு மூடியை முழுக்கச் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி மூன்று நாளில் குஞ்சு நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும்போது அதற்குக் காற்று போதாமல் போகும்.

பெட்டியை வைக்கும் இடம் பாதி வேலையைச் செய்யும். விறாந்தை வேண்டாம், வடக்குப் பக்க யன்னல் ஓரம் வேண்டாம், குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், நிலத்தில் வைக்காமல் மேசையில் வைப்பது நல்லது. மாரியில் சீமெந்து நிலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

பிளாஸ்டிக் இன்கியூபேட்டரின் திரையை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். இந்த வகையில் பல பெட்டிகள் 38.0 என்று வைத்தே வருகின்றன. சூட்டை அளக்கும் உணரி அரைப் பாகை குறைத்துக் காட்டினால் உள்ளே 38.5 ஆகிவிடும், அது 21 நாளுக்குத் தாங்காது. பார்மசியில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல்மானி இதற்குப் போதும். மூடியுள்ள சின்ன மருந்துப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, முட்டைத் தட்டிலே முட்டையோடு முட்டையாக ஆறு மணித்தியாலம் கிடக்க விடுங்கள். பிறகு மூடியைத் திறந்து உடனே காய்ச்சல்மானியை உள்ளே விட்டுப் பாருங்கள். காற்றின் சூடு நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். போத்தலுக்குள் இருக்கும் தண்ணீர்தான் முட்டைக்குள் இருக்கும் சூட்டைக் காட்டும். அதில் 37.5க்கும் 37.8க்கும் இடையில் வந்தால் கை வைக்க வேண்டாம். வராவிட்டால் அமைப்புப் பட்டியலில் சி.ஏ. என்று வரும் இடத்தில் வித்தியாசத்தைக் கூட்டியோ குறைத்தோ போடலாம். நடுவில் ஒரு போத்தல், மூலையில் ஒரு போத்தல் வைத்தால் ஓரத்துக் குளிரும் பிடிபடும்.

ரிஜிபோம் பெட்டியில் கவனிக்க வேண்டியவை வேறு. டபிள்யூ 1209 மலிவானது, ஆனால் பெட்டியில் இருந்து எடுத்தவுடன் அது குளிரூட்டும் வேலைக்கே அமைந்திருக்கும். பி0 என்ற இடத்தில் ‘சி’ என்பதை ‘எச்’ ஆக மாற்றாவிட்டால் பெட்டி குளிர்ந்திருக்கும்போது பல்ப் எரியவே எரியாது, சூடு 37.7ஐத் தாண்டினால்தான் எரியும். அடுத்தது பி1. அது 2 என்று வரும். அதாவது 37.7இல் அணையும் பல்ப் 35.7க்கு இறங்கினால்தான் மறுபடி எரியும். அதை 0.3க்குக் குறையுங்கள். பெட்டி செய்து விற்பவர்களில் சிலர் இந்த இரண்டாவதைத் தொடுவதே இல்லை, ஆகவே வாங்கி வந்த அன்றே நீங்களே பாருங்கள். உணரி தண்ணீர் புகாதது என்பதால் சரிபார்ப்பது இலகு: ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் உணரியையும் காய்ச்சல்மானியையும் சேர்த்துப் பிடித்து, வித்தியாசத்தைப் பி4இல் போடுங்கள். உணரியின் முனை முட்டை மட்டத்தில் இருக்க வேண்டும், பல்பைப் பார்த்தபடி இருக்கக் கூடாது.

பெட்டியின் சுவர் ஒரு அங்குலமாவது தடிப்பு இருக்க வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமான பெட்டிக்கு 25 வாட் பல்ப் இரண்டு தாராளம். ஒற்றைப் பல்ப் வேண்டாம். இரவில் அது கருகினால் விடியும்போது முட்டை அறைக் குளிருக்கு வந்திருக்கும். வெளிச்சமும் நேர்ச்சூடும் முட்டையில் படாமல் பல்புகளை ஒரு பால்மா டின்னுக்குள் மறைக்க வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் இருந்து வரும் பழைய மீன்பெட்டியில் செய்ததென்றால், குளோரின் கலந்த தண்ணீரில் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்ததா என்று கேளுங்கள். மீன் வாடை இருக்கும் பெட்டியில் அழுக்கும் இருக்கும், 37 பாகைச் சூட்டில் அந்த அழுக்கில் கிருமி பெருகும்.

இப்போது தண்ணீர். இதை விளங்கிக்கொண்டால் பொரிப்பு வீதம் கண்ணுக்குத் தெரிய மாறும், ஆகவே கொஞ்சம் விரிவாக.

முட்டை 18ஆம் நாளுக்குள் தன் நிறையில் 11 முதல் 13 சதவீதம் வரை ஈரத்தை இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெருத்து, குஞ்சு முதல் மூச்சை எடுக்க இடம் கிடைக்கும். பனி கொட்டும் நாட்டில் வெளிக்காற்றைச் சூடாக்கிப் பெட்டிக்குள் விட்டால் அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போகும். அங்கே இரண்டு கால்வாயும் நிரப்பினாலும் போதாது. நமது காற்று அப்படியில்லை. 24 பாகையில் 90 சதவீத ஈரத்தோடு இருக்கும் மாரிக் காற்றை 37.7க்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். முட்டைகள் விடும் ஈரமும் அதோடு சேரும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 50 தான். புத்தகம் சொல்வதுபோல் முதல் நாளே கால்வாயை நிரப்பினால் 60ஐத் தாண்டும், காற்றறை வளராது, குஞ்சு ஈரத்தில் வீங்கி உள்ளேயே முடிந்துவிடும். கோடையில் காற்று வறண்டிருப்பதாகத் தோன்றினாலும் கரையோரத்தில் கணக்கு பெரிதாக மாறாது. 33 பாகையில் 55 சதவீதம் என்றாலும் உள்ளே 40ஐ ஒட்டியே வரும்.

ஆகவே முதல் 18 நாளும் தண்ணீர் இல்லாமல் தொடங்குங்கள். ஈரப்பத இலக்கத்தை விடத் தராசு நம்பகமானது. குசினி டிஜிட்டல் தராசில் 10 முட்டையைச் சேர்த்து நிறுத்து எழுதி வையுங்கள். ஊர்க்கோழி முட்டை சராசரி 45 கிராம் என்றால் தொடக்கம் 450 கிராம். நாளுக்கு 3 கிராம் குறைய வேண்டும்: 7ஆம் நாள் 429, 14ஆம் நாள் 408, 18ஆம் நாள் 396. 7ஆம் நாளில் 435க்கு மேல் நின்றால் தண்ணீர் இருந்தால் எடுங்கள், காற்றுத் துளையை முழுக்கத் திறவுங்கள். 420க்குக் கீழே போயிருந்தால் சின்ன மூடியொன்றில் தண்ணீர் வையுங்கள். 18ஆம் நாளில் மட்டும் இரண்டு கால்வாயும் நிரப்பி 65 முதல் 70க்கு ஏற்றுங்கள். குஞ்சு கொத்தும்போது உட்தோல் காய்ந்து இறுகாமல் இருக்க அது வேண்டும்.

பெட்டியில் உள்ள ஈரப்பதமானி சரியா என்று அறிய, தனியாக ஒரு சின்ன மானி வாங்கிச் சோதிக்கலாம். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கூழ் பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணித்தியாலம் அடைத்து வைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5ஐக் கழித்துப் படியுங்கள். அதன்பின் அதை இன்கியூபேட்டருக்குள் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள்.

முட்டைத் தெரிவில் மாரிக்குரிய தொல்லை சேறு. கடை லேயர் முட்டையில் கரு இருக்காது, அதை வைத்துப் பயனில்லை. ஊர்க்கோழி முட்டையில் சேறு பட்டிருந்தால் பச்சைத் தண்ணீரில் கழுவவே வேண்டாம். முட்டை குளிர்ந்து உள்ளே சுருங்கும்போது ஓட்டுத் துளைகள் வழியாக அழுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு சொரசொரப்பான துணியால் தட்டி எடுங்கள், போகாததைச் சமையலுக்குக் கொடுங்கள். கூட்டில் வைக்கோலை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றினால் இந்த வேலையே குறையும். கூர்முனை கீழே இருக்கச் சேர்த்து, ஐந்து நாளுக்குள் வைத்துவிட வேண்டும்.

திருப்புவதில் பிளாஸ்டிக் இன்கியூபேட்டருக்குத்தான் வெற்றி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக உருட்டும். ஒரே குறை, சின்ன ஊர்க்கோழி முட்டை சில தட்டுகளில் உருளாமல் வழுக்கி நிற்கும். பென்சிலால் ஒரு பக்கம் குறியிட்டு, முதல் நாளே கவனியுங்கள். ரிஜிபோம் பெட்டியில் கையால் நாளுக்கு ஐந்து முறை, குறைந்தது மூன்று. 18ஆம் நாள் இரண்டிலும் நிறுத்திவிட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் உருட்டும் தட்டைக் கழற்றி, வலைத்தட்டில் முட்டையைப் பரப்புங்கள்.

கரண்ட் வெட்டு. இங்கே ரிஜிபோம் பெட்டி வெகு முன்னே நிற்கிறது. மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு மாரி இரவிலும் சராசரி 20 வாட் அளவில் போதும். பிளாஸ்டிக் பெட்டியின் ஹீற்றர் 80 வாட், மாரி இரவில் பாதி நேரமாவது எரியும், ஆக 40 வாட். 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பெட்டரியில் பாதியை மட்டும் பாவிப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்தப் பாதி 210 வாட்-மணி. பிளாஸ்டிக் பெட்டிக்கு அது ஐந்து மணித்தியாலம், ரிஜிபோம் பெட்டிக்குப் பத்து. ரிஜிபோம் பெட்டிக்கு இன்வேர்ட்டரும் தேவையில்லை: வாகன சிக்னல் விளக்கின் 12 வோல்ட் 21 வாட் பல்ப் இரண்டைப் பூட்டினால், பல்ப், காற்றாடி, கொன்ட்ரோலர் மூன்றும் ஒரே பெட்டரியில் ஓடும். செய்து தருபவரிடம் இப்படிக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டரியே இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மணித்தியாலக் குளிரைக் கரு தாங்கும். அதற்குச் சூடு கூடுவதுதான் கூடுதல் ஆபத்து. கரண்ட் நின்றவுடன் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போடுங்கள், துளை ஒன்றை விட்டு. நீண்டு போனால் 45 பாகை அளவுச் சுடுதண்ணீர் நிரப்பிய அரை லீற்றர்ப் போத்தல் இரண்டை, முட்டையில் முட்டாமல் உள்ளே வையுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம். 15ஆம் நாளுக்குப் பிறகு முட்டைகளே சூடு விடும், அப்போது போர்வையே நெடுநேரம் காக்கும். கரண்ட் திரும்ப வந்ததும் போர்வையை எடுக்க மறக்கக் கூடாது.

பொரித்து முடிந்து 23ஆம் நாள், பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பாருங்கள். வெறுப்பான வேலைதான், ஆனால் அடுத்த தடவைக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. இரத்த வளையம் மட்டும் இருந்தால் முதல் நாட்களில் சூடு பிழைத்திருக்கும், அல்லது முட்டை பழசு. முழுக் குஞ்சு, தலை வீங்கி, சுற்றிலும் நீர் என்றால் ஈரம் கூடிவிட்டது. கொத்திய ஓட்டை இருந்து உட்தோல் காகிதம் போல் ஒட்டியிருந்தால், கடைசி நாட்களில் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள். பொரித்தவற்றில் 20ஆம் நாளுக்கு முன் வந்து தொப்புள் மூடாதவை கூடுதல் சூட்டின் அடையாளம். 22 தாண்டி வந்து வயிறு பெருத்துச் சோர்ந்திருப்பவை குறைந்த சூட்டின் அடையாளம்.

குஞ்சு வளர்க்கும் சூட்டுப் பெட்டிக்கு என்று கடைகளில் காட்டும் விளக்குகளையும் சொல்ல வேண்டும். 250 வாட் சிவப்பு விளக்கு பண்ணைக்கு நல்லது. 25 குஞ்சுள்ள மட்டைப் பெட்டிக்கு அது அளவுக்கு மிஞ்சியது, தீப்பிடிக்கவும் இடமுண்டு. 40 வாட் பழைய இழைப் பல்ப் இரண்டு போதும். எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. கடையில் அதைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள், பார்த்து வாங்குங்கள். கூரை ஒழுக்கு ஒரு துளி பட்டாலும் சூடான கண்ணாடி வெடிக்கும், அதனால் பல்புக்கு மேலே தகரத் தொப்பி ஒன்று வேண்டும். சிரட்டைக்கரிச் சட்டியை அடைத்த அறைக்குள் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கரியில் இருந்து வரும் வாயுவுக்கு மணமில்லை. குஞ்சோடு, அதே அறையில் தூங்குபவர்களையும் கொல்லக்கூடியது.

மூன்று அடிக்கு இரண்டு அடிப் பெட்டி 25 குஞ்சுக்கு முதல் இரண்டு கிழமை காணும். குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் கிழமை 35இல் தொடங்கி 33, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைப்பு. கோடையில் இரண்டு கிழமையோடு பல்பை நிறுத்தலாம், மாரியில் இரவுச் சூடு நான்காம் கிழமை வரை வேண்டும். பல்பைப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டால் குஞ்சு தானே இடம் தெரிந்து படுக்கும். பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் சூடு போதாது, மறுமுனையில் சொண்டைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

நிலத்துக்கு உமி. சம்மாந்துறை, அக்கரைப்பற்று மில்களில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மாரியில் மில்லுக்கு வெளியே குவிந்து கிடப்பது மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்திருக்கும். அந்தப் பூஞ்சண வித்து குஞ்சின் நுரையீரலைத் தாக்கும். சிறுபோக அறுவடைக்குப் பிறகு இரண்டு மூட்டை எடுத்து உள்ளே கட்டி வைப்பதே நல்ல வழி. இரண்டு அங்குலம் பரப்பி, நாளுக்கு ஒருமுறை கிளறி, நனைந்ததை அள்ளி எறியுங்கள். முதல் மூன்று நாள் மட்டும் உமிக்கு மேல் பழைய சாக்கு விரிக்கலாம். பேப்பர் வழுக்கும், கால் விரிந்துபோகும். ஈர உமியில் மூன்றாம் கிழமை தாண்டி எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக்கழிச்சல். அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். ராணிக்கெட் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்தையும் அங்கேயே கேளுங்கள். குப்பி திறந்தால் அன்றே முடிக்க வேண்டும், அயலில் குஞ்சு உள்ளவர்களோடு பங்கு போடுவது வசதி. ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். மாரியில் நுளம்பு கோழி அம்மையைப் பரப்பும், பெட்டிக்கு நுளம்பு வலை போட மறக்காதீர்கள். வெள்ளம் ஏறினால் எலியும் பாம்பும் மேடு தேடி வீட்டுக்குள் வரும், அதற்கு அரை அங்குலக் கம்பிவலை மூடி தனியாக வேண்டும்.

தீன் சிக் ஸ்டார்ட்டர் தூள்தான். குறுணல் மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், இறகு வராது. இறகு பிந்தினால் பல்பும் பிந்தித்தான் அணையும்.

கடையில் காசு கொடுக்கும் முன் பிளாஸ்டிக் இன்கியூபேட்டரை ப்ளக்கில் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடச் சொல்லுங்கள். 37.7க்கு ஏறி அங்கே நிற்கிறதா, காற்றாடி உரசும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 12 வோல்ட் பெட்டரியில் மாட்டி, திருப்பும் சுவிட்சை அழுத்துங்கள். கரண்டில் மட்டும் திருப்பி, பெட்டரியில் திருப்பாத மொடல்களும் இருக்கின்றன. மூடியில் வெடிப்பு, தட்டில் உடைந்த பல், உணரி வயரில் வெட்டு இருந்தால் வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். திருப்பும் மோட்டாரும் கொன்ட்ரோலர் போர்டும் தனியாக அந்தக் கடையிலேயே கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், கையால் திருப்பும் ரிஜிபோம் பெட்டியை வாங்கிக்கொண்டு போகலாம்; அதில் கெட்டுப்போகும் எந்தச் சாமானையும் எலக்ட்ரோனிக்ஸ் கடையொன்றில் வாங்கி நீங்களே மாற்றலாம்.